பேராசை என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிதி நிறுவன மோசடி பற்றி எங்கள் ஊரில் அண்மையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. அதில் பேசிய அதிகாரி ஒருவர் "பேராசை பெருநஷ்டம்" என்று சொல்லி முடித்தார். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. அந்த வார்த்தையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 24 வருஷம் ஷூவின் மேல்பாகம் தைத்தவள் அவள். 2022 தொடக்கத்தில், 58 வயதில் ஓய்வு. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தது 4 லட்சம். வங்கியில் போய்க் கேட்டோம். ஐந்து வருஷ டெபாசிட்டுக்கே வட்டி ஐந்தரை சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. மாதக் கணக்கில் 1,800 ரூபாய் சொச்சம். சர்க்கரை மாத்திரையும் கேஸ் சிலிண்டரும் வாங்கினால் தீர்ந்தது.

அந்த வாரமே, அவளுக்குப் பக்கத்து மிஷினில் தைத்த பெண் வீட்டுக்கு வந்தாள். ஒரு நிதி நிறுவனத்தில் போட்டால் லட்சத்துக்கு மாதம் 8,000 ரூபாய் என்றாள். தன் பாஸ்புக்கைத் திறந்து காட்டினாள். மாதாமாதம் பணம் ஏறியிருந்தது. வெளியாள் சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்போம். பணத்தைப் போட்டோம். எங்களுக்கு ஐந்து மாதம் வந்தது. ஆறாவது மாதம் ஆபீஸ் கதவில் பூட்டு. 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்த பத்திரம், லேமினேஷன் போட்டபடி பீரோவில் கிடக்கிறது. அந்தப் பெண்ணும் தாலிச் சங்கிலி வரை இழந்துவிட்டாள்.

மாதம் 8 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 96. அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. அது என் தவறுதான். ஆனால் அரசாங்கம் எங்களுக்குச் சொல்லாமல் விட்டதையும் கேளுங்கள். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. 60 ஆகாவிட்டாலும், 55 வயதைத் தாண்டி ஓய்வு பெற்றவர்கள் செட்டில்மென்ட் பணத்தை அதில் போடலாம். அன்றைக்கு அதன் வட்டி 7.4 சதவீதம். எங்கள் 4 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 7,400 ரூபாய் வந்திருக்கும். பணம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் கணக்குத் தொடங்க வேண்டும் என்பது அப்போதைய விதி. கம்பெனியிலும் சொல்லவில்லை, வங்கியிலும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தபோது பணமே இல்லை.

எங்கள் பணம் போனது ஒரு சின்ன நிறுவனத்தில். வேலூரிலிருந்து நடந்த ஐ.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனத்தின் மீதான வழக்கில் ஏறத்தாழ 84,000 பேர், 6,000 கோடி ரூபாய் என்கிறது பொருளாதாரக் குற்றப்பிரிவு. ஆருத்ரா நிதி நிறுவன வழக்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல், 2,400 கோடிக்கு மேல். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பேராசை பிடித்ததா? மதப்படி வட்டி வாங்கக் கூடாது என்று இருப்பவர்களிடம் "லாபப் பங்கு" என்று பேர் மாற்றிச் சொன்னார்கள். பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-லேயே அப்படித்தான் கவிழ்ந்தது. அதைப் பார்த்த பிறகும் இந்தப் பக்கம் யாரும் விழிக்கவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. 2019-ல் வந்த மத்திய அரசுச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத டெபாசிட் திட்டத்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். ஆள் சேர்த்தால் ஐந்து வருஷம் வரை சிறை. கல்யாண மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, பிரியாணி போட்டுக் கூட்டம் நடத்தினார்களே, அப்போதே தடுத்திருக்கலாம். பூட்டு விழுந்த பிறகுதான் போலீஸ் வந்தது.

இப்போது எங்கள் வழக்கு சென்னைச் சிறப்பு நீதிமன்றத்தில். விடிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனால், வாய்தா என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். ஒருநாள் முழுதும் வீணாகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஜப்தி செய்த சொத்துகளை விரைவாக ஏலம் விட்டு, சிறு தொகை போட்டவர்களுக்கு முதலில் கொடுங்கள். இந்த வழக்குகளை வேலூரில் உட்கார்ந்து விசாரியுங்கள். தபால் துறை ஊழியர் ஒருவர் மாதம் ஒருமுறை ஷூ கம்பெனி, டேனரி வாசலுக்கு வரட்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் இருந்து வட்டி 8.2 சதவீதம், ஒரு மாதக் கெடுவையும் மூன்று மாதமாக நீட்டியிருக்கிறார்கள். இந்த வருஷம் ஓய்வு பெறும் பெண்களுக்காவது இதை யாராவது நேரில் போய்ச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோல் தொழிலாளி,
ஆம்பூர்.