கருப்பட்டிக்கு ஏன் இந்தக் கடல் தடை?

மழைக்காலம் வந்தால் நம் கடைகளில் கருப்பட்டி கசிகிறது. சாக்கோடு ஒட்டிய சரக்கைச் சுரண்டி எடுத்து விற்கும் சிரமம் மளிகை வணிகர் அனைவரும் அறிந்ததே. 2023-ல் உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கும் பெருமைதான். ஆனால் கசிவும் நிற்கவில்லை, சீனி கலந்த போலிச் சரக்கும் நிற்கவில்லை.

இதே பனையை நம்பிப் பிழைப்பவர்கள் நாகப்பட்டினத்துக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். நாம் சிரட்டையில் ஊற்றி எடுப்பதை அவர்கள் பனங்கட்டி என்று சிறு ஓலைக் குட்டானில் அடைத்து விற்கிறார்கள். பனங்கிழங்கை நம் பக்கம் பெரும்பாலும் அவித்துத் தின்பதோடு சரி. அங்கே அதைக் காயவைத்து ஒடியலாக்கி, மாவாக்கி, கூழ் காய்ச்சுகிறார்கள். பனம்பழச் சாற்றில் பனாட்டு செய்கிறார்கள். பனைக்கென்றே 1978 முதல் அங்கு ஓர் அபிவிருத்திச் சபை உண்டு. பக்குவமும் உறையும் கேட்டறிய இதைவிட நல்ல இடம் ஏது?

கேட்டறிய வழிதான் இல்லை. 2000 மார்ச் 1-ல் நடப்புக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பல பொருள்களுக்கு வரியைக் குறைத்தது, காகிதத்தைக் குறைக்கவில்லை. இறக்குமதிக் குறியீட்டு எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், துறைமுகத்தில் மாதிரிப் பரிசோதனை என்று ஐம்பது கிலோவுக்கும் ஒரு கண்டெய்னருக்கும் ஏறக்குறைய ஒரே அலைச்சல். பெரிய நிறுவனம் தாங்கும். புதிதாக ஒரு பண்டத்தைச் சோதித்துப் பார்ப்பவரோ ஐம்பது கிலோக்காரர்தான். அவர் தொடங்குமுன்பே ஓய்ந்துவிடுகிறார்.

நாகை-காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. பயணிகள் கப்பல்தான். பயணியின் பையில் எவ்வளவு வியாபாரம் அடங்கும்?

அங்கிருந்து சரக்கு வந்தால் உடன்குடிக்காரர் பிழைப்பு கெடும் என்பாரும் உண்டு. அவர் பிழைப்பைக் கெடுப்பது சீனிப் பாகு, யாழ்ப்பாணம் அல்ல.

சிறு அளவு மாதிரிச் சரக்குக்குத் தனி எளிய அனுமதி வேண்டும். ஒரு நாட்டு ஆய்வகச் சான்றை மறு நாடு ஏற்க வேண்டும். நாகையில் சிறு பொதி ஏற்றி இறக்க வசதி வேண்டும். இம்மூன்றையும் மத்திய வர்த்தக அமைச்சகத்துக்குத் தீர்மானமாக அனுப்ப நமது சங்கம் ஆவன செய்ய வேண்டும். அடுத்த மழைக்கு முன் அனுப்பினால் நல்லது.