ஊரார் மாட்டுக்கு நம் வீட்டுப் பொங்கல்



குழந்தைக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று எழுதுகிறவள் இந்தத் தடவை மாட்டுத் தீனியைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். அதுவும் சொந்த மாடு இல்லை, அடுத்தவர் மாடு. நான் செய்த தப்பை நீங்களும் செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஒரகடம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த புதிதில் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரை வரை மாடுகள் மேயும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லேயே ஹூண்டாய் கார் தயாராக ஆரம்பித்துவிட்டது. பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டை வளர்ந்தது. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, சந்தோஷம்தான். மாடுகளுக்குத்தான் மேய இடமில்லை. கம்பெனி பஸ் போகிற ரோட்டோரத்திலும் குப்பைத்தொட்டி பக்கத்திலும் நிற்கின்றன. பார்க்கிற நமக்கு, 'ஐயோ, வாயில்லா ஜீவன் பசியோடு நிற்கிறதே' என்று மனசு இளகிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பக்கத்துத் தெருவில் ஒரு கிருகப்பிரவேசம். எங்களுக்குப் பால் ஊற்றுகிற ஆயாதான் தன் பசுவையும் கன்றையும் ஓட்டி வந்திருந்தார். பூஜை முடிந்ததும் மாட்டைப் பின்பக்கம் வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் பால் ஊற்றப் போனார். பந்தி முடிந்து பார்த்தால், அரை அன்னக்கூடை சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் மீதி. வீணாகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அப்படியே தொட்டியில் கொட்டினேன். மாடு ஆசை ஆசையாகத் தின்றது. கோமாதாவுக்கு வயிறு நிறையப் போட்டோம் என்று எனக்கும் திருப்தி.

ராத்திரி எட்டு மணிக்கு ஆயா வந்தார். "ஏம்மா, மாடு அசையே போடல. தண்ணியும் தொடல. அங்க யாராச்சும் எதுனா போட்டாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. சொன்னால் என்ன நினைப்பாரோ என்ற பயத்தில், "தெரியலையே ஆயா, ரெண்டு வாழைப்பழம் குடுத்தாங்க" என்றேன். பொய்தான். இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது.

விடிந்ததும் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். மாடு படுத்துக் கிடந்தது. இடது பக்கம் வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்தது. சாணி தண்ணீராகப் புளித்த வாடையோடு போயிற்று. கால்நடை டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி, "நேத்து என்ன தின்னுச்சு?" ஆயா விழித்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

டாக்டர் திட்டவில்லை. "இதை ராத்திரியே சொல்லியிருந்தா இவ்வளவு முத்தியிருக்காதும்மா" என்றார், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புல்லையும் வைக்கோலையும் மெல்ல மெல்லப் பக்குவப்படுத்துகிறவை அவைதான். திடீரென்று சோறு, பொங்கல், வெல்லம், மாவு, பரோட்டா என்று நிறைய உள்ளே போனால், அது வேகமாகப் புளித்து வயிறு முழுக்க அமிலமாகிவிடும். அந்த அமிலம் ரத்தத்திலும் ஏறினால் மாடு செத்தே போகும். 2024 ஜூனில் கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் பரோட்டாவும் பலாப்பழமும் அதிகமாகத் தின்ற ஐந்து பசுக்கள் இறந்துபோயின. தீனி வைத்தவர் அந்நியர் இல்லை, மாட்டுக்காரரே! பழகியவருக்கே அப்படி என்றால், ஒன்றும் தெரியாத நாம் எம்மாத்திரம்?

"காலங்காலமாகக் கழுநீர் ஊற்றவில்லையா?" என்று கேட்பீர்கள். அது தினமும் கொஞ்சம், மாட்டுக்காரருக்குத் தெரிந்து, மாட்டுக்கும் பழகியது. அன்னக்கூடையோடு கொட்டுவது அப்படி அல்ல. மாட்டுப் பொங்கலன்றும் ஒரு கைப்பிடி ஊட்டினால் போதும். பத்து வீட்டுக்காரரும் பத்துத் தட்டு நீட்டினால் ஆபத்துதான்.

பூஜைப் பூவையும் கவனியுங்கள். அரளி மாலையை மாட்டுக்குப் போடவே கூடாது. பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். காய்ந்தாலும் விஷம் போகாது.

மிச்சச் சோற்றைக் கவரில் கட்டி வீசுகிறோமே, அது இன்னும் மோசம். மாடு நம்மைப் போலப் பொறுக்கித் தின்னாது, கவரோடு விழுங்கும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். ஆணி, கம்பித்துண்டு போனால் வயிற்றைத் துளைத்து இருதயம் வரை குத்திவிடும்.

குதிரைக்கும் இதே நியாயம்தான். மெரினாவுக்குப் போனால் பிள்ளைகள் சவாரிக் குதிரைக்கு பிஸ்கட்டை நீட்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பான தீனி போய் வயிற்றுவலி கண்டால் உயிருக்கே ஆபத்து. குதிரைக்காரரைக் கேளுங்கள். அவர் சரி என்றால், பிள்ளையின் விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். விரலால் பிடித்து நீட்டினால் கடிபடும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அமாவாசைக்கு அகத்திக்கீரை கொடுக்க ஆசையா? தாராளமாக, ஒரு கட்டு, மாட்டுக்காரரைக் கேட்டுவிட்டு. யார் மாடு என்றே தெரியாவிட்டால் ஒரு வாளி நல்ல தண்ணீர் வையுங்கள். வெயில் காலத்தில் அதைவிடப் புண்ணியம் இல்லை.

அப்படியும் தவறிப்போய் ஏதாவது கொடுத்து, மாடு அசை போடாமல் நின்றால், வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொன்னால் வைத்தியம் சுலபம். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்வார்கள். நீங்களாக எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆயாவின் பசு பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒரு மாசத்துக்கு மேல் பால் பாதியாகக் குறைந்துபோனது. அந்தப் பாலை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. வைத்தியச் செலவுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "நீ பாவம்னு நெனச்சுத்தான் போட்ட, எனக்குத் தெரியாதா? ஆனா ராத்திரி கேட்டனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே" என்றார்.

அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. இப்போதெல்லாம் ஒரு வாழைப்பழத் தோல் இருந்தால்கூட, "ஆயா, போடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

அடுத்த இதழில் வழக்கம்போல் குழந்தை உணவோடு வருகிறேன்.