தாலி கட்டினதுக்கு ஃபைல் எங்கே?

ரொம்ப நாளா பதிவு பக்கமே தலை வச்சுப் படுக்கலை. ஆணி அதிகம். இன்னிக்கு எழுத வச்சது ஒரு டீக்கடைப் பேச்சு.

காரைக்கால்ல பஸ்ஸுக்கு நிக்கிறேன். பக்கத்துல ரெண்டு பேர். ஒருத்தர் சொல்றார், "நெரவி, பட்டினம் பக்கம் பாரீஸ்ல கட்டிக் கொடுக்கறதெல்லாம் கல்யாணமா சார்? பாஸ்போர்ட்டுக்குத் தாலி கட்றது." இன்னொருத்தர் தலையாட்டிட்டு டீயை உறிஞ்சறார். எனக்குச் சுர்ருன்னுச்சு. ஏன்னா அவர் சொன்னது எங்க வீட்டுப் பொண்ணைப் பத்தி. பேர் தெரியாமத்தான் சொன்னார், இருந்தாலும் அவளும் அந்தக் கணக்குல வர்றவதானே.

அங்க சண்டை போடலை. இங்க போடறேன். மூணு பேரோட. சந்தேகப்படற சர்க்கார், அதை வச்சுக் காசு பாக்கற ஏஜெண்ட், ரெண்டுக்கும் தீனி போடற நம்ம ஜனம்.

மொதல்ல வெளியூர் நண்பர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம். வாஞ்சூர் எல்லைன்னா சாராயக்கடை மட்டும் ஞாபகம் வர்றவங்க கவனிக்கவும் :)

காரைக்கால் 1739-லேர்ந்து பிரெஞ்சுக்காரன் கைல இருந்துச்சு. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956-ல கையெழுத்தாச்சு, ஆனா பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒத்துக்கிட்டு அது அமலுக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆயிடுச்சு. அந்தத் தேதிலேர்ந்து ஆறு மாசம் கெடு. இங்க பொறந்து இங்கயே குடியிருக்கறவங்க எல்லாரும் தானாவே இந்தியர். "இல்ல, நான் பிரெஞ்சுக்காரனாவே இருக்கேன்"னு நினைக்கறவங்க அந்த ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும்.

எங்க தாத்தா எழுதிக் கொடுக்கலை. அவருக்கு வயலு, மாடு, அரசலாத்துத் தண்ணி. அவர் தங்கச்சி புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். எங்க பக்கம் சொல்தான்னு சொல்லுவோம். அவர் எழுதிக் கொடுத்தார், தங்கச்சியும் எழுதிக் கொடுத்துச்சு. அவ்வளவுதான். ஒரே தெரு, நாலு வீடு தள்ளி. ஒரு காகிதத்துல இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் பிரான்ஸ்.

இப்ப என் சித்தப்பா மகளுக்கு அந்தச் சொல்தா தாத்தாவோட பேரனைப் பாத்து முடிச்சாங்க. முறைப்படி மாமன் மகன்தான். பாரீஸ் பக்கத்துல பொறந்து வளந்த பையன், தமிழ் பேசுவான், கொஞ்சம் மூக்கால பேசுவான். சட்டப்படி அவன் "வெளிநாட்டவர்". 1962-ல ஒரு கையெழுத்து விழுந்ததுக்கு அறுபது வருஷம் கழிச்சு என் தங்கச்சி தன் புருஷன் வீட்டுக்குப் போக ஃபைல் கட்டணும்.

சரி, ஃபைல் கட்டலாம். அதுல வெக்கம் ஒண்ணுமில்ல.

எங்க ஊர் ஆளுங்க ஒருத்தர் மூலமா ஒரு ஏஜெண்ட்கிட்ட போனாங்க. பேரு வேண்டாம். நாப்பதாயிரம் கேட்டார். அது கூடப் பரவாயில்ல. அவர் சொன்ன வைத்தியத்தைக் கேளுங்க. "பெரியவங்க பாத்து வச்ச கல்யாணம்னு சொல்லாதீங்க. லவ்வுன்னு சொல்லுங்க. அஞ்சாறு புடவை மாத்தி, வேற வேற எடத்துல ஃபோட்டோ எடுத்துக்கங்க. ரெண்டு வருஷமாப் பழகின மாதிரி ஒரு கதை நான் டைப் பண்ணித் தர்றேன். ரெண்டு பேரும் மனப்பாடம் பண்ணிடுங்க."

என் தங்கச்சி பி.எஸ்சி. வாய் ஜாஸ்தி. "ஏங்க, நான் அவரைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்குத்தான் ஒழுங்காப் பாத்தேன். அதுல என்ன தப்பு? நடந்ததைச் சொன்னா கல்யாணம் பொய்யாயிடுமா?"ன்னா. அந்தாளு சிரிச்சுக்கிட்டே, "உண்மையைச் சொன்னா விசா கிடைக்காதும்மா"ன்னார்.

மக்களே, இந்த ஒரு வாக்கியந்தான் என்னை இந்தப் பதிவு எழுத வச்சது. உண்மையான கல்யாணத்தைப் பொய்யான கல்யாணம் மாதிரி ஜோடிச்சாத்தான் நம்புவாங்கன்னு ஒருத்தன் காசு வாங்கிட்டுச் சொல்றான். நம்ம ஜனம் "சரிங்க சார்"னு ஸ்டூடியோவுக்குப் போகுது.

அந்தாளு சும்மா பயமுறுத்தலை, அவனுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. அதையும் ஒத்துக்கணும். நம்ம ஊர்க் கல்யாணம் எப்படி இருக்கும்னு வெள்ளைக்கார ஆபீசர் மனசுல ஒரு படம் இருக்கும். அந்தப் படத்துக்குப் பொருந்தலைன்னா நீ போலி. 1979 ஜனவரில லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துல இறங்கின ஒரு இந்திய டீச்சரம்மா, வயசு 35, அங்க இருக்கற ஒருத்தரைக் கல்யாணம் கட்டிக்க வந்தவங்க. அதிகாரிகளுக்குச் சந்தேகம். என்ன செஞ்சாங்க தெரியுமா? கன்னித்தன்மைப் பரிசோதனை. இந்தியப் பொண்ணுன்னா கல்யாணத்துக்கு முன்னாடி கன்னியாத்தான் இருக்கணும், இல்லாட்டி பொய் சொல்றான்னு ஒரு ராஜாங்கமே கணக்குப் போட்டுச்சு. பத்திரிகைல வந்து நாறின பிறகு நிறுத்தினாங்க. அந்தம்மா ஒருத்தருக்கு மட்டும் நடந்ததில்ல, குறைஞ்சது 80 பேருக்காவது நடந்துச்சுன்னு பின்னாடி ஆராய்ச்சியாளர்கள் பழைய அரசாங்க ஃபைல்களைத் தோண்டி எடுத்தாங்க.

அதே இங்கிலாந்துல 1980-லேர்ந்து 1997 வரைக்கும் ஒரு விதி. "இந்தக் கல்யாணத்தோட முக்கிய நோக்கம் இங்க வர்றது இல்ல"ன்னு நீ நிரூபிக்கணும். யோசிச்சுப் பாருங்க. இருக்கறதை நிரூபிக்கலாம். இல்லாததை எப்படிய்யா நிரூபிக்கறது? புருஷனோட சேந்து வாழப் போகணும்னா அந்த நாட்டுக்குப் போய்த்தானே ஆகணும்! இப்ப அந்த விதி போயிடுச்சு, அதுக்குப் பதிலா வருமானம் வந்திருக்கு. 2012-ல வருஷத்துக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்கறவங்களுக்குத்தான் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிட உரிமைன்னாங்க. 2024 ஏப்ரல்ல அதை 29,000 ஆக்கினாங்க. கம்மியாச் சம்பாதிச்சா கம்மியாத்தான் கல்யாணம் போல.

பிரான்ஸ் மட்டும் யோக்கியமான்னா, இல்ல. 2007-ல ஒரு சட்டம் போட்டாங்க: பிரெஞ்சுக் குடிமகனைக் கட்டிக்கிட்டவங்களும் விசாவுக்கு முன்னாடி சொந்த நாட்டுலயே பிரெஞ்சு மொழியிலயும் அவங்க குடியரசு விழுமியங்கள்லயும் சோதனைக்கு உக்காரணும். 2016-ல வந்த சட்டம் அதை எடுத்துடுச்சு. அவங்க ஆண்ட ஊர்லயே ஆளைப் பரீட்சைக்கு உக்கார வச்ச கூத்து அது.

ஆனா, இங்கதான் விஷயமே இருக்கு. ஏஜெண்ட் சொல்லாத விஷயம்.

பிரெஞ்சுக்காரரோட கணவன் அல்லது மனைவிக்கு நீண்டகால விசாவை மறுக்கறதுக்கு அவங்க சட்டமே மூணு காரணம்தான் வச்சிருக்கு. மோசடி, கல்யாணம் ரத்தானது, பொது ஒழுங்குக்கு ஆபத்து. அவ்வளவுதான். "பெரியவங்க பாத்து வச்சது" அந்தப் பட்டியல்ல இல்ல. "ஹனிமூன் ஃபோட்டோ பத்தலை" அந்தப் பட்டியல்ல இல்ல. இங்கிலாந்து மாதிரி இவ்வளவு சம்பளம் வேணும்னும் இல்ல. விசாவுக்குக் கட்டணமும் கிடையாது.

இப்ப மறுபடி யோசிங்க. முதல் காரணம் என்ன? மோசடி. அந்த ஏஜெண்ட் காசு வாங்கிட்டு உங்க கைல கொடுக்கறது என்ன? டைப் பண்ணின காதல் கதை. ஒண்ணுமில்லாத எடத்துல மோசடியை நாமளே உண்டாக்கி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டு போய்க் கொடுக்கறோம். தனித்தனியா உக்கார வச்சுக் கேள்வி கேட்டா ஒரு மனப்பாடக் கதை எத்தனை கேள்வி தாங்கும்?

நாங்க அந்தாளுக்குக் கும்பிடு போட்டுட்டு நாங்களே செஞ்சோம். செஞ்சதுல கத்துக்கிட்டது, யாருக்காவது உதவட்டும்:

1. விசா கடைசி. கல்யாணத்துக்கு முன்னாடியே வேலை ஆரம்பிக்குது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டுல கல்யாணம் பண்ணினா, முன்கூட்டியே கான்சுலேட்ல "இவருக்குத் திருமணத் தகுதி உண்டு"ங்கற சான்றிதழ் வாங்கணும். அதுக்கு முன்னாடி பத்து நாள் அறிவிப்பு ஒட்டுவாங்க. நம்மாளுங்க மூணு வார லீவுல வந்து, முகூர்த்தம் முடிச்சு, மொய்யும் எண்ணி முடிச்சப்புறம்தான் இதைக் கேள்விப்படுவாங்க. சான்றிதழ் இல்லாமப் பண்ணினா கல்யாணம் செல்லாதுன்னு அர்த்தமில்ல. ஆனா பின்னாடி அதை அவங்க பதிவேட்டுல ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் விசாரிப்பாங்க, இழுக்கும்.

2. நம்ம பக்கம் கல்யாணத்தைச் சட்டப்படி பதிவு பண்ணுங்க. கோயில் ரசீதும் வீடியோவும் போதாது. சிறப்புத் திருமணச் சட்டத்துல போறவங்களுக்கு 30 நாள் நோட்டீஸ் உண்டு. ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்த மாவட்டத்துல 30 நாள் குடியிருந்தாப் போதும், மாப்பிள்ளை பிளைட் டிக்கெட்டை மாத்த வேண்டாம்.

3. அப்புறம் அந்தக் கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டுல ஏத்தணும். ஏத்தினதும் குடும்பப் புத்தகம் கொடுப்பாங்க. சந்தேகம் வந்தா ஃபைல் நான்ட் நகரத்து அரசு வழக்கறிஞருக்குப் போகும். அவருக்கு ஆறு மாசம் கெடு. அதுக்குள்ள முடிவு சொல்லலைன்னாலோ, முடியாதுன்னாலோ கோர்ட்டுக்குப் போகலாம்.

4. பேரு! இதுதான் எங்க உயிரை வாங்குச்சு. 'உ' சத்தத்துக்கு இங்கிலீஷ்காரன் ஒரு எழுத்து போடுவான், பிரெஞ்சுக்காரன் ரெண்டு போடுவான். ஒரே முருகன் சொல்தா வீட்டுப் பத்திரத்துல ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல வேற மாதிரி. பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிஞ்சிருக்கும், பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரே ஒட்டியிருக்காது. அவங்க படிவத்துல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம், நமக்கோ குடும்பப் பேரே கிடையாது. கல்யாணப் பேச்சு தொடங்கினதுமே எல்லாக் காகிதத்தையும் தரையில பரப்பி வச்சு எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. ஜாதகப் பொருத்தம் அப்புறம் பாக்கலாம்.

5. மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடிமகனா, இல்ல அங்க கார்டு வச்சிருக்கறவரான்னு தெளிவாக் கேளுங்க. நான் சொன்ன மூணு காரணச் சட்டம் குடிமகன் குடும்பத்துக்கு மட்டும். கார்டுக்காரர்னா அது வேற வழி. அவர் அங்க 18 மாசம் சட்டப்படி இருந்திருக்கணும், வருமானம், வீடு எல்லாம் பாப்பாங்க. "எல்லாம் ஒண்ணுதான்"னு தரகர் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

6. மறுத்தா அழுதுட்டு உக்காராதீங்க. நான்ட்ல இதுக்குன்னே மேல்முறையீட்டு ஆணையம் இருக்கு. கெடு ரொம்பக் கொஞ்சம்தான், கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிங்க.

என் தங்கச்சிகிட்ட "எப்ப முதல்ல சந்திச்சீங்க"ன்னு கேட்டாங்க. பொண்ணு பாக்க வந்த கதையைச் சொன்னா. கேசரியில சர்க்கரை போட மறந்தது, அவன் மரியாதைக்கு மொத்தத்தையும் தின்னு முடிச்சது வரைக்கும். கேட்டவங்க மரியாதையாத்தான் கேட்டாங்க. அந்தப் பக்கம் அவனும் அதே கேசரியைச் சொல்லியிருக்கான். எந்த ஏஜெண்ட்டாவது டைப் பண்ணுவானாய்யா இந்தக் கேசரியை?

இப்ப நம்ம ஜனத்துக்கு வர்றேன். டீக்கடைப் பெரியவர் சொன்னது முழுப் பொய்னு எனக்குச் சொல்ல ஆசைதான். முடியலை. "நேஷனாலிட்டி மாப்பிள்ளை"ன்னா பவுன் கணக்கு ஏறுதா இல்லையா? டாக்டருக்கு ஒரு ரேட், சிவப்பு பாஸ்போர்ட்டுக்கு அதுக்கு மேல ஒரு ரேட். 1961-லயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தாச்சு. ஆனா பாஸ்போர்ட்டுக்கு விலை வைக்கறதை நாமளே பந்தல் போட்டுச் செஞ்சுட்டு, அடுத்தவன் "பாஸ்போர்ட்டுக்குத்தானே கட்டினே"ன்னா ரோஷப்படறோம். பெண் பேருல குடியுரிமை இருந்தா கதையே மாறுது, அவளைக் கேக்காமலே மாப்பிள்ளை வீட்டார் வரிசையில நிக்கறாங்க. உண்மையாவே போலிக் கல்யாணம் பண்றவனுக்கு அங்க 2003-லேர்ந்து 5 வருஷம் ஜெயில், 15,000 யூரோ அபராதம். அதைத் தெரிஞ்சும் ஜோடி சேத்து விடறவங்க நம்மூர்லயும் இருக்காங்க. அவங்க பண்ற பாவத்துக்குத்தான் கேசரிக்காரி ஜவாப் சொல்றா.

"அப்ப சந்தேகமே படாம எல்லாரையும் விட்டுடணுமா?"ன்னு கேப்பீங்க. இல்ல. போலியைப் பிடிக்கட்டும். ஆனா பிடிக்கறவன் வேலை அது, கட்டினவன் வேலையில்ல. 2006-ல போட்ட பிரெஞ்சுச் சட்டம் இந்த விசாவை "கூடிய சீக்கிரம்" முடிவு பண்ணணும்னு சொல்லிச்சு. சீக்கிரம்னா எத்தனை நாள்? நமக்குன்னா ஒரு கெடு தேதி போடுவாங்க, அவங்களுக்குன்னா ஒரு பெயரெச்சம். அந்த எடைதான் எனக்குக் கோபம்.

நம்ம தேசத்தையும் சொல்லிடறேன், விட்டா பாரபட்சம் ஆயிடும். இந்தியரைக் கட்டிக்கிட்ட வெளிநாட்டவருக்கு ஓசிஐ கார்டு வேணும்னா, கல்யாணம் பதிவாகி ரெண்டு வருஷம் நிலைச்சிருக்கணும். அதுவரைக்கும் விசா, பதிவு, நீட்டிப்புன்னு அலைச்சல். மருமகன் இங்க வந்து தங்கணும்னாலும் இதே பாடுதான்.

தங்கச்சி போன மாசம் கிளம்பிட்டா. வீட்டுக் கூடத்துல ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கு, தாத்தாவோடது. அதுல அவ ஃபைலோட ஒரு ஜெராக்ஸ் செட்டை வச்சிருக்கேன். அடுத்த பொண்ணுக்கு உதவும். நாப்பதாயிரம் மிச்சம்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல. விதிங்க மாறிக்கிட்டே இருக்கும், விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி அதிகாரபூர்வப் பட்டியலைப் பாத்துடுங்க. புதுச்சேரி, மாஹே, ஏனாம் நண்பர்கள் அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஏஜெண்ட் அண்ணன்கள் கும்மறதுன்னா சொந்தப் பேருல வந்து கும்மவும். அனானி ஆப்ஷனைத் தூக்கிட்டேன் :)