காப்பகக் கட்டணம் யார் தலையில்?



குழந்தைகள் காப்பகங்கள் கொள்ளை அடிப்பதாகப் பலரும் பேசுகிறார்கள். கோவையில் காப்பகம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்கும் கட்டணத்தில் பெரும்பகுதி ஆயாக்கள் சம்பளத்துக்கும் வாடகைக்குமே சரியாகிவிடுகிறது. தவழும் பிள்ளைகளை நாலைந்து பேருக்கு மேல் ஒரே ஆயாவிடம் விட முடியாது. ஒன்றுக்கு டயப்பர் மாற்றுவதற்குள் இன்னொன்று நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கும். ஆயா லீவு போட்டால் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நான்தான் நிற்க வேண்டும். ஆறு மணிக்கு மூடும் இடத்துக்கு, 'டிராஃபிக் மேடம்' என்று ஏழரைக்கு வருகிறவர்களும் உண்டு. கூடுதல் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். காத்திருக்கும் ஆயாவுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே!

50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இலேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக நடத்தவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனாலும் எங்களிடம் விடப்படும் பிள்ளைகளின் கட்டணத்தை அம்மாக்களே முழுதாகக் கட்டுகிறார்கள். தொழிலாளர் துறை அதிகாரிகள் நிறுவனங்களுக்கு ஆய்வுக்குப் போகும்போது, 'காப்பகம் எங்கே?' என்றும் கேட்க வேண்டும்.

- ஒரு காப்பக நிர்வாகி, கோவை