வீட்டில் நெபுலைசர்: எங்கள் நிலைப்பாடு

மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்கு நெபுலைசர் வாங்கக் கூடாது. ஆஸ்துமா உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வீட்டில் இருக்க வேண்டியவை இன்ஹேலரும், அதன் வாயில் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழலும்தான். நெபுலைசர் உண்மையிலேயே தேவைப்படும் சிலருக்கு அது தடையின்றிக் கிடைக்க வேண்டும். அதைக் கையாளும் பயிற்சியும், எந்தக் கட்டத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்ற எழுத்துக் குறிப்பும் கூடவே கிடைக்க வேண்டும். ஆஸ்துமா நோயாளிகளின் குடும்பத்தாரும், குழந்தைநல, நுரையீரல் மருத்துவர்களும், செவிலியர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

கொரோனாவுக்குப் பிறகு நெபுலைசர் பல வீடுகளில் பி.பி. மெஷினுக்கும் சுகர் மெஷினுக்கும் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு நெபுலைசர் உட்பட ஐந்து கருவிகளின் வணிக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு வைத்தது. விலை குறைந்ததை வரவேற்கிறோம். ஆனால் ஆன்லைனில் ஆர்டர் செய்தால் மறுநாள் வந்து சேரும் பெட்டிக்குள், அதை யாருக்கு, எதற்கு, எவ்வளவு நேரம் வைப்பது என்று சொல்லித் தர ஆள் இல்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, நெபுலைசரில் ஊற்றும் சால்பியூட்டமால் மருந்துக் குப்பியான ரெஸ்ப்யூலும் பல கடைகளில் கேட்டவுடன் கிடைக்கிறது.

பெற்றோர் ஏன் வாங்குகிறார்கள் என்பது எங்களுக்கு நன்றாகவே புரிகிறது. நள்ளிரவில் பிள்ளைக்கு வீசிங் வருகிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். நெபுலைசர் வைத்ததும் பிள்ளை அசந்து தூங்குகிறது. அந்த மெஷின் வீட்டிலேயே இருந்தால் இந்த அலைச்சல் இல்லையே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அன்றிரவு பிள்ளையைத் தேற்றியது அந்த மெஷின் மட்டும் இல்லை. மருத்துவமனையில் கடுமையான இளைப்புக்கு ஆக்சிஜன் கொண்டே நெபுலைசரை இயக்குவார்கள். வீட்டுக் கருவி அறைக் காற்றைத்தான் தள்ளும். சால்பியூட்டமால் மூச்சுக்குழாயைத் தளர்த்தும்போது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு சற்று நேரம் குறையவும் கூடும். அதனால்தான் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டுச் செவிலியர் பக்கத்திலேயே நிற்கிறார். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் தேவைப்பட்டால் உடனே கொடுக்கப்படுகிறது. இவற்றில் எதுவும் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை.

இதைவிட முக்கியமாக நாங்கள் சொல்ல விரும்புவது, கைநழுவிப் போகும் நேரத்தைப் பற்றி. நெபுலைசர் வைத்ததும் இளைப்பு கொஞ்சம் தணிகிறது. ஒரு மணி நேரத்தில் திரும்ப வருகிறது. இன்னொரு ரெஸ்ப்யூல், மறுபடியும் இன்னொன்று. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கி, சளி அடைத்துக்கொண்டே போவது வெளியே தெரிவதில்லை. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று கழித்த அந்த மணி நேரங்களில்தான் ஆஸ்துமா உயிரைப் பறிக்கிறது. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியானது. அவர்களில் 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியை நாடாமலோ, உதவி வந்து சேரும் முன்போ இறந்திருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தைகளுக்கு வீட்டில் நெபுலைசர் வழியாக அவசர மருந்து தருவதைச் சிறப்பு மருத்துவர்கள் மட்டுமே தொடங்கிக் கண்காணிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. தாமாகவே வாங்கி வைத்துக்கொள்வது நோய் முற்றுவதை மறைத்துவிடும் என்பதே அது சொன்ன காரணம். உலகின் ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் நேர்வதாக மதிப்பிடப்படும் நம் நாட்டுக்கு அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நெபுலைசர்தான் வீரியமானது, இன்ஹேலர் சும்மா என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து. வழக்கமான ரெஸ்ப்யூல் ஒன்றில் 2.5 மில்லிகிராம் சால்பியூட்டமால் இருக்கிறது. இன்ஹேலரின் ஒரு பஃபில் 100 மைக்ரோகிராம். கணக்குப் பார்த்தால் ஒரு ரெஸ்ப்யூல் 25 பஃபுக்குச் சமம். அதில் பெரும்பகுதி கிண்ணத்தில் தங்கியும் காற்றில் கலந்தும் வீணாகிவிடுவதால்தான் அவ்வளவு தேவைப்படுகிறது. உயிருக்கு ஆபத்தில்லாத ஆஸ்துமா தாக்குதலில் ஸ்பேசரோடு சேர்ந்த இன்ஹேலர் நெபுலைசருக்குச் சற்றும் குறைந்ததில்லை என்பதைக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு உறுதிப்படுத்தியிருக்கிறது. ஸ்பேசர் வைத்த குழந்தைகள் அவசரப் பிரிவிலிருந்து சீக்கிரம் வீடு திரும்பினார்கள். நெஞ்சுப் படபடப்பும் குறைவு. தென்னாப்பிரிக்காவில் ஹெதர் சாரும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த ஸ்பேசரே கடையில் வாங்கியதற்கு இணையாக வேலை செய்தது. ஏழைக் குடும்பத்துக்கும் நல்ல சிகிச்சை எட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஸ்பேசருக்கு மின்சாரமும் வேண்டாம். பள்ளிப் பையில் வைத்து அனுப்பலாம்.

இருந்தும் இன்ஹேலர் என்றதும் முகம் மாறுகிற வீடுகள் ஏராளம். பழக்கமாகிவிடும், கடைசிக் கட்டத்தில்தான் கொடுப்பார்கள், பெண் பிள்ளைக்கு வரன் அமையாது என்று ஒளித்து வைக்கிறார்கள். நெபுலைசரை நாலு சுவருக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்துவிடலாம் என்பதே சில வீடுகளில் அதை வாங்கக் காரணம். இந்த வெட்கத்துக்குக் குழந்தையின் நுரையீரல் விலை கொடுக்கக் கூடாது. தினசரி எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை விட்டுவிட்டு, இளைப்பு வரும்போதெல்லாம் சால்பியூட்டமாலை மட்டும் வைப்பது ஆஸ்துமா சிகிச்சையே ஆகாது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அப்படிச் செய்வதை உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019-லேயே கைவிடச் சொல்லிவிட்டது.

சாதாரணச் சளிக்கும் இருமலுக்கும் நெபுலைசர் வைக்கும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வைரஸால் வரும் பிராங்கியோலைட்டிஸ் என்ற மூச்சுத்திணறலுக்கும் சால்பியூட்டமால் தர வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2014-இல் சொன்னது. நீலகிரித் தைலம், கற்பூரம், கொரோனா காலத்தில் சமூக ஊடகங்களில் சுற்றிய ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் நெபுலைசர் கிண்ணத்தில் ஊற்றவே கூடாது. அது ஆவி பிடிக்கும் பாத்திரம் இல்லை. உள்ளே ஊற்றுவதை மிக நுண்ணிய துளிகளாக்கி நுரையீரலின் ஆழம் வரை கொண்டுபோகும் கருவி.

வீட்டில் நெபுலைசர் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டவர்கள், சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி, கை நடுக்கத்தாலோ மறதியாலோ இன்ஹேலரைப் பிடித்து இழுக்க இயலாத முதியவர்கள் போன்றோர். இவர்களிடமிருந்து கருவியைப் பறிக்கும் எந்த விதியையும் எதிர்ப்போம். இவர்களைப் பராமரிப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். அழுகிற குழந்தையின் முகத்துக்கு முன்னால் தள்ளிப் பிடித்தால் மருந்து உள்ளே போகாது. இப்ராட்ரோப்பியம் கலந்த மருந்து கண்ணில் பட்டால் கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து. முடிந்தவரை வாயில் வைக்கும் குழாயைப் பயன்படுத்துங்கள். பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை வைத்தபின் வாய் கொப்பளித்து முகம் கழுவ வேண்டும். அல்ட்ராசோனிக் வகைக் கருவிக்கு அந்த மருந்து ஒத்துவராது. மருந்தில் கலக்கக் கேன் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம். மருத்துவர் சொன்ன மலட்டு சலைன் மட்டுமே. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் அலசி, நன்றாக உலரவிடுங்கள். ஈரமாக மூடி வைத்தால் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் அதில் வளர்ந்து நேரே நுரையீரலுக்குப் போகும். ஒருவருடைய மாஸ்க்கை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

அரசிடம் எங்கள் கோரிக்கை: எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பு இன்ஹேலரும் ஸ்பேசரும் ஆண்டு முழுவதும் இலவசமாக இருப்பில் இருக்க வேண்டும். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்கு நோயாளி வெளிக்கடையைத் தேடிப் போகும் நிலை கூடாது. மருந்துக்கடைக்காரர்கள் சீட்டில்லாமல் ரெஸ்ப்யூல் தருவதை நிறுத்த வேண்டும். மருத்துவர்கள் நெபுலைசர் எழுதும் கையோடு அதற்கான காரணத்தையும் கால அளவையும் எழுத வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் நெபுலைசர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். இது என் பிள்ளைக்குத் தேவையா, ஸ்பேசர் போதாதா, எந்த அறிகுறி தெரிந்தால் நான் உடனே கிளம்ப வேண்டும் என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதுவரை இதை மனதில் வையுங்கள்: மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, மருந்து கொடுத்து நான்கு மணி நேரத்துக்குள் மறுபடியும் தேவைப்பட்டாலோ, விடியும்வரை காத்திருக்காதீர்கள். கையில் இருக்கும் மருந்தைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.