கோடு போடத் தெரியாம என்ன உற்பத்தி?

பதிவுலகத்துல திரும்பவும் அதே சண்டை. "ஐபோன் நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல தயாராகுது, தெரியுமில்ல?"ன்னு ஒரு கோஷ்டி. "போங்கய்யா, ஸ்க்ரூ முடுக்குறதுக்குப் பேரு தயாரிப்பா?"ன்னு எதிர்க்கோஷ்டி. ரெண்டு பக்கமும் நூறு பின்னூட்டம். அம்பத்தூர்ல ஆணி புடுங்குற ஒரு மென்பொருள் பொறியாளனா, படிச்ச ஈ.சி.ஈ. டிகிரிக்கு மரியாதை கொடுத்து நானும் கொஞ்சம் கத்திட்டுப் போறேன்.

உங்க பழைய போனைக் கழட்டிப் பாருங்க. திரையிலேர்ந்து போர்டுக்கு, கேமராவிலேர்ந்து போர்டுக்கு, நாடா மாதிரி மெல்லிசா ஒண்ணு வளைஞ்சு போகும். அதான் ஃப்ளெக்ஸ் சர்க்யூட். பாலிஇமைடு படலம், தடிமன் 25 மைக்ரான் அளவுதான். அதுமேல 12 இல்ல 18 மைக்ரான் செம்பு. அந்தச் செம்புல தலைமுடியை விடக் குறுகலா கோடுகள். போனுக்குள்ள இப்படிப் பல நாடா இருக்கு. இந்தியாவுல ஃப்ளெக்ஸ் பண்றவங்களே இல்லைனு சொல்ல வரல. ஆனா இங்க பூட்டுற போன்களுக்குள்ள போற நாடாக்கள்ல பெரும்பகுதி வெளிநாட்டுலேர்ந்துதான் வருது. என் வாதம் ஒண்ணே ஒண்ணு: அந்தக் கோட்டைப் போடத் தெரியாத வரைக்கும், ஆலை எத்தனை வந்தாலும் நாம வாடகை வீட்டுலதான் இருக்கோம்.

கோடு போட மூணு வழி. முதலாவது, படலம் முழுக்க செம்பு ஒட்டி, வேணுங்கிற இடத்தை ஃபோட்டோ ரெசிஸ்டால மூடி, வேண்டாததைக் கரைச்சு எடுக்கறது. எட்சிங். சிற்பி கல்லைச் செதுக்குற கணக்கு. ரெண்டாவது, தேவையான இடத்துல மட்டும் உலோகத்தை வைக்கறது. ஓட்டை போட்ட கோல அச்சை வெச்சு மாவைத் தூவுறோமே, அதேதான். மாவுக்குப் பதில் வெள்ளி மை. மூணாவது ரெண்டும் கலந்தது. மெல்லிய செம்புப் படலத்து மேல, கோடு வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்து விட்டு, மின்முலாம் போட்டுக் கோட்டை வளர்க்கணும். அப்புறம் ரெசிஸ்டை உரிச்சு, அடிப் படலத்தை லேசாக் கரைச்சு எடுக்கணும். ரொம்ப நெருக்கமான கோடுகளுக்கு இதான் வழி.

இங்கதான் நம்ம அறிவுஜீவிங்க வருவாங்க. "எட்சிங் எல்லாம் பழசு பாஸ், இனிமே பிரிண்டர்லயே சர்க்யூட் அடிச்சுடலாம், நேரா அங்க தாவிடலாம்"னு. தாவுங்க சாமி, வேண்டாங்கல. வெள்ளி மை அச்சு நல்ல தொழில்நுட்பம்தான். எடை மெஷின்ல அமுக்குற மெம்ப்ரேன் கீபேட் அப்படித்தான் வருது. ஆனா அச்சடிச்ச மைக்குள்ள வெள்ளித் துகளோட பிசினும் இருக்கு. அதனால கட்டி வெள்ளியை விட மின்தடை பல மடங்கு கூட. வழக்கமான மையில சாதாரணமா சால்டர் பிடிக்காது, கீழே இருக்கற பாலியெஸ்டர் அந்தச் சூட்டைத் தாங்கவும் தாங்காது. பாலிஇமைடும் செம்பும் தாங்கும். உங்க கார் கண்ணாடியில ஒட்டியிருக்கற ஃபாஸ்டேக் மாதிரி டேக்குகள்ல ஆன்டெனாகூட பெரும்பாலும் அலுமினியத் தாளை எட்ச் பண்ணினதுதான். பழசுன்னு சொன்னீங்களே, அது டோல்கேட் டோல்கேட்டா ஓடிட்டிருக்கு :-)

பழசுங்கறதால சுலபமும் இல்ல. கரைசல் கீழ்நோக்கி மட்டும் போகாது, ரெசிஸ்டுக்கு அடியில பக்கவாட்டுலயும் அரிக்கும். 35 மைக்ரான் செம்புல 50 மைக்ரான் கோடு போட்டுப் பாருங்க, மேல் பக்கம் தேஞ்சு மலை உச்சி மாதிரி நிக்கும். செம்போட தடிமன், கரைசலோட சூடு, வீரியம், பீய்ச்சுற அழுத்தம், எல்லாம் கைக்குள்ள இருக்கணும். போதாததுக்கு பாலிஇமைடு ஈரத்தை உறிஞ்சி உப்பும். நம்ம சென்னை ஈரத்துல அதைக் கட்டுப்படுத்தறது தனி வித்தை. இது ஆராய்ச்சிக் கட்டுரை படிச்சு வராது. தினம் செஞ்சு, கெடுத்து, திருத்தி வரணும்.

அடுத்த கோஷ்டி: "அது கெமிக்கல் வேலைங்க, ஊர் நாறிடும், சீனாக்காரனே பண்ணட்டும்." இந்தப் பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். 2011 ஜனவரியில திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது சும்மா இல்ல. நொய்யல் பட்ட பாடு அப்படி. ஆனா அதுலேர்ந்து எடுத்துக்க வேண்டிய பாடம், பட்டறை வைக்காதேங்கறதா? கழிவுக்கு வழி பண்ணாம வைக்காதேங்கறதுதானே? குப்ரிக் குளோரைடு கரைசலை மறுபடி வீரியமேத்தி ஓட்டலாம். அதுல சேர்ற செம்பை மீட்டு விக்கவும் செய்யலாம். சாக்கடையில விட்டா குற்றம், மீட்டா காசு. இதைச் சின்னப் பட்டறை ஒத்தையா செய்ய முடியாது. பேட்டைக்குப் பொதுவா அமைக்கணும்.

அப்புறம் நம்ம காலேஜுங்க. நான் படிச்ச இடத்துல (பேர் வேண்டாம்) நாலு வருஷத்துல ஒரு தடவைகூட செம்பு கரையறதைக் காட்டல. லேப் ரெக்கார்டுல படம் வரைஞ்சோம், ப்ராஜெக்ட் போர்டை ரிச்சி ஸ்ட்ரீட்ல காசு கொடுத்து வாங்கினோம். அந்த பேட்ச்ல முக்கால்வாசிப் பேர் இப்ப என்னை மாதிரி கோட் தட்டறோம். தொட்டிப் பக்கத்துல நிக்கறது படிச்சவன் வேலை இல்லைனு ஒரு நெனப்பு நமக்குள்ள ஊறிக் கிடக்கு. வேற தடையை விட இது பெருசு.

நோக்கியா ஆலை 2006ல வந்துச்சு, 2014ல மூடிச்சு. ஆயிரக்கணக்கான பிள்ளைங்க வேலை போச்சு. பூட்டுற லைனைக் கழட்டி வேற ஊருக்குக் கொண்டு போறது சுலபம். சுத்துவட்டாரத்துல ஊறின கைப்பழக்கத்தை அப்படித் தூக்கிட்டுப் போக முடியாது. 2025 மார்ச்ல மத்திய அமைச்சரவை உதிரிபாகங்களுக்காக 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. ஃப்ளெக்ஸ் போர்டும் அந்தப் பட்டியல்ல இருக்கு. சந்தோஷம். ஆனா அந்தப் பணம் பெரிய கட்டடமா மட்டும் நின்னா பிரயோசனமில்ல. அம்பத்தூர் எஸ்டேட்டுல தேடினா ஸ்கிரீன் பிரிண்டிங்காரர் கிடைப்பார், முலாம் பூசறவர் கிடைப்பார். கோடு போடற தொழிலுக்கு வேண்டிய பாதிக் கை அவங்ககிட்ட இருக்கு. அவங்களுக்கு ஒரு பொது எட்சிங் கூடம், ஒரு கழிவு மீட்பு நிலையம், பக்கத்துல ஐ.டி.ஐ. பிள்ளைங்களுக்கு ஆறு மாசப் பயிற்சி. இதைக் கேளுங்க, இதுக்குச் சண்டை போடுங்க.

அதை விட்டுட்டு "தயாரிப்பா, ஸ்க்ரூவா"ன்னு இன்னும் நூறு பின்னூட்டம் போட்டா, அதையும் எவனோ போட்ட கோடு வழியாத்தான் போடுவீங்க.

டிஸ்கி: கும்ம வர்றவங்க வரலாம். கெமிக்கல் இன்ஜினியருங்க வந்தா தனி மரியாதை உண்டு.