பெருக்கிப் பார்க்க வேண்டிய இழப்பு

யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 1981 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி, இன்றைய கிளிநொச்சி மாவட்டம் நீங்கலாக, 7 இலட்சத்து 38 ஆயிரம். யுத்தம் காரணமாக அடுத்த முழுமையான குடிசனமதிப்பு 2012 இலேயே நடைபெற்றது. அப்போது எஞ்சியிருந்தோர் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். ஒன்றிலிருந்து மற்றையதைக் கழித்து, இழப்பு ஒன்றரை இலட்சம் என்போர் உளர். அக்கணக்கு தவறானது.

ஆண்டுதோறும் ஒரே தொகை கூடிச் செல்வது நேர்கோட்டு வளர்ச்சி. பாடசாலையில் நாம் கற்ற கூட்டல் விருத்தி. சனத்தொகையோ வட்டிக்கு வட்டி போன்றது. இன்று பிறக்கும் பிள்ளை நாளை தானும் பெற்றோராகிறது. இதுவே பெருக்கல் விருத்தி. 1981 முதல் 2012 வரை நாட்டின் சனத்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 வீதத்தால் பெருகியது. யாழ்ப்பாணமும் அவ்வாறே பெருகியிருப்பின் 10 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். ஆகவே உண்மையான இடைவெளி நான்கு இலட்சத்துக்கும் அதிகம். மாண்டோரும் புலம்பெயர்ந்தோரும் மட்டுமன்றி, அவர்களுக்கு இம்மண்ணில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகளும் அதில் அடங்குவர். யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 1989 இல் 11 ஆகவும் 2010 இல் 9 ஆகவும் இருந்த பாராளுமன்ற ஆசனங்கள் 2024 இல் 6 ஆகக் குறைந்தமை இதன் அரசியல் விலையாகும்.

இதே கணிதம், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் பொருந்தும். அவர்கள் ஏறத்தாழ 75,000 பேர் என மதிப்பிடப்படுகின்றது. 1 வீத வளர்ச்சியையே கொண்டாலும் 2024 இல் அத்தொகை 1 இலட்சத்து 5 ஆயிரமாகிறது. சோனகத் தெருவிலிருந்து அன்று சென்ற ஒரு குடும்பம் புத்தளத்தில் இன்று மூன்று, நான்கு குடும்பங்களாகியிருக்கலாம். சென்றவர்களை விடத் திரும்புவோர் அதிகமாயிருக்கின்றனரே எனச் சந்தேகிப்பது நியாயமன்று. அன்றைய ஒரு வீட்டுக்கு இன்று ஒரு வீடு என்பதும் மீள்குடியேற்றமாகாது.

மறுபுறம், இக்கணிதத்தையே அச்சுறுத்தலாக்குவோரும் உளர். முஸ்லிம்களின் ஒரு காலகட்ட வளர்ச்சி வீதத்தை நூறாண்டுக்கு நீட்டி, அவர்கள் பெரும்பான்மையாகி விடுவர் எனப் பீதி கிளப்புவது அத்தகையது. வளர்ச்சி வீதம் என்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2012 க்கும் 2024 க்கும் இடையில் நாட்டின் வீதம் 0.5 ஆக வீழ்ந்துள்ளது. 1 வீதத்தில் இரட்டிப்பாவதற்கு 70 ஆண்டுகள் போதும். அரை வீதத்தில் 140 ஆண்டுகள் தேவை. கடந்த காலத்தில் அளந்தறிந்த வீதம் சான்று. எதிர்காலத்தின் மீது ஏற்றப்படும் வீதம் வெறும் ஊகம்.

தமது இழப்பைப் பெருக்கியும் அயலவரின் இழப்பைக் கழித்தும் பார்ப்பது நேர்மையன்று. காணியும் வீடும் வழங்கும் அதிகாரிகள் 1990 ஆம் ஆண்டுப் பட்டியல்களோடு நின்றுவிடாது, இன்றுள்ள குடும்பங்களை எண்ண வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் ஒரே கணக்கையே பிரயோகிக்க வேண்டும்.